ஏணியைச் சொல்லாத கழுத்து வலி

மருத்துவர் எழுதுவதை நோய்க் குறியீடாக மாற்றிக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்புவதே நம் தொழில். கட்டண மேசைத் தோழர்களே, மனிதருக்குக் கழுத்து ஒன்றுதான், அதற்குரிய குறியீடுகளோ பக்கம் பக்கமாக இருக்கின்றன. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்த ஒரு மழைக்காலக் காலை, ஒன்பது மணிக்கு, சிராங்கூன் சாலையிலுள்ள எங்கள் கிளினிக்கில் இது தொடங்கியது.

வெறும் வலி

புக்கிட் மேராவிலிருந்து திரு முருகையன் தம் மனைவி கமலாவுடன் வந்தார். கழுத்து திரும்பவில்லை. என்ன நடந்தது என்று மருத்துவர் கேட்டதும், உடம்பையே திருப்பி மனைவியைப் பார்த்தார். பிறகு, தூங்கி எழுந்தது முதல் வலிக்கிறது என்றார். மருத்துவர் அப்படியே எழுதினார். நானும் காயங்களின் பிரிவை விட்டு, வெறும் கழுத்து வலிக்கான குறியீட்டைத் தேர்ந்தெடுத்தேன். கமலா கைப்பையை மூடியபடி சொன்னார்: "மூணு தலையணை வேணாம்னு சொன்னா கேக்கணும்ல?"

தொலைபேசியில் ஒரு குரல்

ஒரே வாரத்தில் விண்ணப்பம் திரும்பியது. அவருடையது விபத்துக் காப்புறுதி; தூக்கத்தில் வந்த வலிக்கு அதில் இடமில்லை. இயன்முறைச் சிகிச்சைச் செலவு முழுவதும் அவர் தலையில் விழும் நிலை. முருகையன் தணிந்த குரலில் அழைத்தார். வாசலில் அலங்கார விளக்கு மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்தாராம். ஏணியில் ஏறக்கூடாது என்பது கமலாவின் கட்டளையாம். "நீங்களே நம்பரை மாத்திடுங்கக்கா" என்று கெஞ்சினார்.

சுளுக்குக்கு ஒரு குறியீடு, விழுந்ததற்கு வேறொன்று. மருத்துவர் எழுதாமல் இரண்டையும் நான் தொடமாட்டேன், நேரில் வந்து உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். நீண்ட பெருமூச்சு கேட்டது. "கம்பெனி ரிஜெக்ட் பண்ணா தாங்கிக்குவேன்கா, கமலா பண்ணா தாங்க முடியாது லா."

இரண்டாம் வாக்குமூலம்

அவர் மறுபடி கிளினிக்குக்கு வந்தபோது கமலாவும் உடன் வந்தார். முருகையன் தரையைப் பார்த்துக்கொண்டு ஏணியைப் பற்றிச் சொல்லி முடித்தார். மருத்துவர் மீண்டும் கழுத்தைச் சோதித்து, விழுந்ததால் ஏற்பட்ட சுளுக்கு என்று குறிப்பைத் திருத்தினார். விழுந்த இடத்துக்கும் குறியீடு உண்டென்பதால், வீட்டுக்கு உள்ளேயா, வெளியிலா என்று நான் கேட்டேன். பதில் கமலாவிடமிருந்து வந்தது: "வாசல்லதான் மேடம். ரெண்டு வாரமா அங்க லைட்டு எரியுது. அது தானா ஏறி மாட்டிக்கிச்சுன்னு நானும் நம்பிக்கிட்டே இருந்தேன்."

சுளுக்குக்கான தொகையைக் காப்புறுதி நிறுவனம் டிசம்பர் இறுதியில் செலுத்தியது. கமலாவிடம் மறைத்ததற்கு ஈடான பட்டுப் புடவையை, குறியீடு எதுவும் கேட்காமல், முருகையன் உண்மையைச் சொன்ன அன்று மாலையே வாங்கித் தந்துவிட்டார்.