ஒரே தாளில் நாலு கடை

வர்க்கி வேகும் வாசனை கீழே அடுப்பிலிருந்து மாடிக்கு ஏறி வரும்... அந்த வாசனைக்குள் உட்கார்ந்துதான் என் முதல் வேலை. பேகம்பூரில் ஒரு பேக்கரியின் மாடி. பழைய கம்ப்யூட்டர், அதைவிடப் பழைய பிரிண்டர், ஒரு ஜன்னல்.

முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பேகம்பூர், நாகல் நகர், பஸ் ஸ்டாண்ட், நெய்க்காரப்பட்டி என்று நாலு கடை அவருக்கு. முதல் மூன்றும் டவுனுக்குள்; பழனிப் பக்கம் இருக்கிற நெய்க்காரப்பட்டி எப்போதும் டல்தான். அதை மூடிவிடலாம் என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டார். அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த சரஸ்வதி அக்காவையும் வரச் சொல்லியிருந்தார்.

"ஏம்மா, நாலு கடை யாவாரத்தையும் படமாப் போட்டு ஒரே பேப்பர்ல கொண்டா. அக்காவே கண்ணால பாத்துக்கிரட்டும்."

மாதவாரியாக நாலு சார்ட் போட்டேன். பந்தியில் உட்கார வைத்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிரிண்ட் கொடுத்தால் மூன்று கடை ஒரு தாளில்... நெய்க்காரப்பட்டி மட்டும் தனியாக இன்னொரு தாளில் வந்து விழுந்தது.

அக்காவின் முகம் வாடிப்போனது.

"எங்கள இப்பவே ஒதுக்கிப் போட்டாப்பல இருக்குதுங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "செத்த நேரம் இருங்கக்கா" என்று திரும்ப உட்கார்ந்தேன்.

பக்கத்தில் வைத்தால்தானே இடம் போதவில்லை? ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினேன். மவுஸால் ஓரம் பிடித்து இழுத்து, நாலுக்கும் ஒரே அகலம் வைத்து... வெயில் ஸ்கிரீன் மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்ததில், தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு மயக்கம்.

அப்போதுதான் கவனித்தேன். மாதங்கள் எல்லாம் நேருக்கு நேர் வந்திருந்தன. பொங்கல் லீவில் டவுன் கடைகள் மூன்றும் சரிந்த அதே இடத்தில், அடியில் நெய்க்காரப்பட்டி மட்டும் ஜிவ்வென்று ஏறியிருந்தது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற கூட்டம்! தனித்தனியாகப் பார்த்த வரைக்கும் யார் கண்ணிலும் அது படவே இல்லை.

பிரிண்ட் கொடுத்தேன்; இந்தத் தடவை நாலும் ஒரே தாளில் வந்தன. பாய் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"அடேயப்பா... இங்கிட்டு விழுந்தத அங்கிட்டு தூக்கி நிறுத்துதே! கடை இருக்கட்டும்மா."

அக்கா அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "நம்ம பழனி மலையாட்டவே இருக்குதுங்க கண்ணு."

இப்போது கோயம்புத்தூரில் பெரிய ஆபீஸ். எண்களைக் கொடுத்தால் போதும், சார்ட்டுகள் தாமாகவே அழகாக அடுக்கிக்கொள்கின்றன. மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டிவிட்டு எழுந்து போகிறார்கள். விரல் வைத்துத் தடவிப் பார்க்க யாரும் இல்லை... அந்த ஏக்கம் எனக்கு உண்டு.

ஆனால் தை மாதம் தவறாமல் நெய்க்காரப்பட்டியிலிருந்து போன் வந்துவிடும். பின்னால் டீ கிளாஸ் சத்தம், அரோகரா சத்தம். நடுவில் அக்கா கத்துவார்:

"கண்ணு, மலை வந்திருச்சுங்க!"