கயிற்றுக்குள் அறுபத்திரண்டு

மரம் எண்ணிப் பிழைக்கிறவளுக்குப் பேய்ப் பயமும் ஜின் பயமும் இருந்தால் வேலை நடக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த மாதிரி விஷயங்களில் ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. எங்கள் ஊர் மாம்புரியில் யாராவது 'அந்தப் பக்கம் போகாதே' என்றால் முதல் ஆளாக அங்கே போய் நிற்கிறவள் நான்தான். அதற்காக உம்மாவிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. இப்போது நம்புகிறாயா என்று கேட்டால் அதற்கும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, இதை வேறொருத்தி வந்து சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் வேலை என்னவென்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். வில்பத்துக் காட்டில் எந்த இடத்தில் என்னென்ன மரங்கள் கூடி வளர்கின்றன என்று பார்த்து வரைபடம் போடுகிற வேலை. காடு முழுவதையும் யாராலும் எண்ண முடியாது, ஆகவே அங்கங்கே இருபது மீட்டருக்கு இருபது மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டுவோம், கயிற்றுக்குள் முப்பது சென்டிமீட்டரும் அதற்கு மேலும் சுற்றளவு உள்ளதையெல்லாம் எழுதியாக வேண்டும், ஒன்று தப்பினாலும் அந்தச் சதுரம் பிழை. ஒருவர் பற்றைப் புதருக்குள் புகுந்து மரத்தின் பெயரையும் சுற்றளவையும் உரத்துக் கூப்பிடுவார், இன்னொருவர் மூலையில் இருந்து எழுதுவார். எழுதுகிறவர் சும்மா எழுதக்கூடாது, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், கூப்பிட்டவர் "ஓம்" என்று ஆமோதித்த பிறகுதான் அடுத்த மரம். கடைசியில் தாளில் இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும்.

எழுதுகிறவள் நான். கூப்பிடுகிறவர் ஹனீபா நானா, அண்ணனை நாங்கள் நானா என்போம், இலவன்குளத்துக்காரர், ஐம்பதைத் தாண்டிய நெட்டையான மனிதர், ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தே மரத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். மூன்றாவது ஆள் சுனில், துவக்கும் தோட்டாவுமாகக் கூட வருகிற காட்டுக் காவலர். ஆனைக்கும் கரடிக்கும் அவர்தான் பொறுப்பு.

அந்த முறை எனக்கு ஒரே ஒரு சதுரம் மிச்சம். கடலோரத்தில், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில், காற்றுக்குக் குனிந்து குனிந்து வளர்ந்த ஒரு குட்டைக் காடு இருக்கிறது. பாலையும் வீரையும் உகாயும் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும், ஆனால் வயது கேட்டால் எங்கள் மூன்று தலைமுறைக்கும் மூத்தது. கொழும்பில் இருக்கிற எங்கள் சார் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு "இது வெறும் பற்றை" என்று சொல்லிவிட்டார். வரைபடத்தில் ஒரு காட்டுக்குத் தனி நிறம் வேண்டுமென்றால் மூன்று சதுரம் அளந்திருக்க வேண்டும், என்னிடம் இரண்டுதான் இருந்தது. பற்றை என்று ஒருமுறை அச்சில் ஏறிவிட்டால் அதை வெட்டுவதற்கு யாருக்கும் கை கூசாது. மழை தொடங்கினால் ஆற்றின் தாழ்ந்த சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் ஓடும், பிறகு மாதக்கணக்கில் அந்தப் பக்கம் போக முடியாது, அதற்குள் வரைபடம் அச்சுக்குப் போய்விடும். மேகம் ஏற்கனவே கறுத்துக்கொண்டு வந்தது. மூன்றாவது சதுரம் இல்லாமல் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன், நான் முடிவெடுத்தால் எங்கள் வீட்டில் யாரும் குறுக்கே பேசுவதில்லை.

காலை பதினொரு மணிக்குக் கயிறு கட்டி முடித்தோம். நல்ல வெயில், பட்டப்பகல், இதை ஞாபகத்தில் வையுங்கள். அப்போதுதான் ஹனீபா நானா தலையில் கையை வைத்தார், அளக்கிற நாடா ஜீப்பிலேயே கிடந்துவிட்டது. ஜீப் இருபது நிமிட நடை. வழியில் புதிதாகக் கரடித் தடம் பார்த்திருந்தோம், அதனால் அவர் தனியாகப் போகக்கூடாது, சுனிலும் போக வேண்டும். மூன்று பேருமே திரும்பிப் போவோம் என்றார் சுனில். நான் மாட்டேன் என்றேன். அந்த முள்ளுக்குள்ளால் இன்னொரு தடவை போய்வர எனக்குப் பொறுமை இல்லை. அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், பிறகு சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார்.

நான் தரையில் உட்கார்ந்து தாளின் மேல்பகுதியை நிரப்பினேன், மண் என்ன, சரிவு என்ன, நிழல் எவ்வளவு என்று. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது, பற்றைக்குள்ளிருந்து ஹனீபா நானாவின் குரல் கேட்டது.

"பாலை. எம்பத்தி நாலு."

வேறு பக்கத்தால் வந்து நுழைந்துவிட்டார் போல என்று நினைத்தேன். அந்தக் காட்டில் ஐந்து மீட்டருக்கு அப்பால் ஆனை நின்றாலும் தெரியாது. நாங்கள் இரண்டு வருடமாகக் காதால் வேலை செய்து பழகியவர்கள், குரல் வந்தால் கை தானாக எழுதும், நிமிர்ந்து பார்க்கிற வழக்கமே இல்லை. பாலை, எம்பத்தி நாலு என்று திருப்பிச் சொன்னேன். "ஓம்" என்றது குரல்.

அப்படியே போனது. வீரை, நாற்பத்தொன்று. உகாய், முப்பத்தாறு. குருந்து, முப்பத்திரண்டு. அவர் இடையிடையே தொண்டையைச் செருமுவார், அந்தச் செருமல் கூட இருந்தது. நம்பினால் நம்புங்கள், அன்றைக்குப் போல் ஒழுங்காக ஒருநாளும் வேலை ஓடியதில்லை, ஒரு தடங்கல் இல்லை, ஒரு முள் குத்திய ஏச்சு இல்லை. அவர் நடக்கும்போது சுள்ளி முறிகிற சத்தம் கேட்டதா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், ஞாபகம் வரவில்லை.

அறுபத்தொரு மரம் எழுதினேன். அறுபத்திரண்டாவது கூப்பிடும்போது குரல் மிகக் கிட்டக் கேட்டது.

"பேர் தெரியாது. முப்பத்தி நாலு."

"என்ன நானா, உங்களுக்கே தெரியாத மரமா?" என்று குனிந்தபடியே சிரித்துவிட்டு எழுதினேன், பேர் தெரியாது, முப்பத்தி நாலு என்று திருப்பியும் சொன்னேன். அதற்கு "ஓம்" வரவில்லை. கொஞ்ச நேரம் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

பதிலுக்கு எனக்குப் பின்னால், ஜீப் பாதைப் பக்கமிருந்து ஆள் பேசுகிற சத்தம் கேட்டது. திரும்பினால் ஹனீபா நானாவும் சுனிலும் வியர்வையில் குளித்தபடி வந்துகொண்டிருக்கிறார்கள்.

"மன்னிச்சிக்கோங்க புள்ள, ஒரு ஆனை ஜீப்ப விட்டு அசையல்ல. ஒரு மணித்தியாலத்துக்கு மேல மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சி நிண்டோம்" என்றார் நானா. "இந்தா, டேப் கிடைச்சிட்டு. தொடங்குவமா?"

நான் தாளைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பயம் வரவில்லை, எனக்கு முதலில் வந்தது கோபம். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று நினைத்தேன்.

"நானா, விளையாடாதீங்க. அறுபத்திரண்டு எழுதியாச்சு, நீங்கதானே கூப்பிட்டீங்க."

"நான் கூப்பிட்டேனா? நாங்க இப்பதானே புள்ள வாறோம்."

"அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்க."

"அல்லாஹ் மேல ஆணை. டேப் இல்லாம நான் எப்பிடி அளக்கிற?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் எழுந்து பற்றைப் பக்கம் பார்த்தேன். சுனில் துவக்கோடு கயிற்றைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து வந்தார். "யாரும் இல்ல மிஸ், அடித் தடமும் இல்ல. நாங்க போவம்" என்றார். ஹனீபா நானா தாளை வாங்கி, வரிவரியாக உதட்டுக்குள் வாசித்தார், பிறகு ஏதோ ஓதி நெஞ்சில் ஊதிக்கொண்டார்.

அங்கேதான் எனக்குச் சோதனை. தாள் முழுதாக இருந்தது, மழை மேகம் தலைக்கு மேலே இருந்தது, ஒரு கையெழுத்து மட்டும்தான் குறை. அவர் மட்டும் வைத்துவிட்டால் காட்டுக்கு அதன் நிறம் கிடைத்துவிடும், கொழும்பில் யாருக்கு என்ன தெரியப் போகிறது? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேனையை நீட்டியும்விட்டேன்.

"நான் கூப்பிடாத கணக்குக்கு நான் கையொப்பம் வைக்க மாட்டேன் மகள்" என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

எனக்கு முகம் எரிந்தது. அவர் சொன்னது சரி என்பதால்தான் எரிந்தது.

"அப்ப இப்பவே கூப்பிடுங்க. நானும் உள்ளுக்கு வாறேன்" என்றேன்.

சுனில் வேண்டாம் என்றார், நானா வானத்தைப் பார்த்தார், நான் அவர்களுக்கு முன்னால் பற்றைக்குள் நுழைந்தேன். நுழைந்தால் வராமல் இருக்க மாட்டார்கள் என்று தெரியும்.

முதல் மரம் பாலை. குரல் வந்த அதே இடம், தாளில் இருந்த அதே வரிசை. நாங்கள் எப்போதும் அளக்கிற நெஞ்சுயரத்தில் நானா நாடாவைச் சுற்றினார், எழுபத்தொன்பது. என் தாளில் எண்பத்து நான்கு. அடுத்தது வீரை, முப்பத்தெட்டு, தாளில் நாற்பத்தொன்று. மூன்றாவது உகாய், அதிலும் தாளில் கூடுதல். அப்பாடா, பிழையான தாள், ஏதோ வெயில் தலைக்கேறி நானே பிதற்றியிருக்கிறேன் என்று மனசு இலேசானது. பிறகு என் பிடிவாதம் சும்மா இருக்கவிட்டதா? மரம் கீழே பருத்தும் மேலே சிறுத்தும் இருக்கும். நான் முழந்தாளிட்டு நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். என் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே வந்தபோது எண்பத்து நான்கு. வீரையில் அதே உயரத்தில் நாற்பத்தொன்று. உகாயில் அதே உயரத்தில் முப்பத்தாறு.

பத்து மரத்துக்குப் பிறகு நானா, "போதும் புள்ள, விளங்கிட்டு" என்றார். நான் அறுபத்தொன்றையும் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நானாவின் அளவு ஒன்று, கீழே இறக்கினால் தாளின் அளவு ஒன்று. மில்லிமீட்டர் பிசகவில்லை. கூப்பிட்டது யாரோ, அது நேர்மையாகத்தான் அளந்திருக்கிறது, எங்களைவிடக் குட்டையாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அறுபத்திரண்டாவது மரத்தைத் தேடினோம். இல்லை. கயிற்றோரமாக இரண்டு சுற்று வந்தும் இல்லை. என் மூலைக்கு வந்து சேர்ந்தபோது ஹனீபா நானா நின்றார். புல் நசிந்து கிடந்தது, பக்கத்தில் நான் தின்ற தோடம்பழத்தின் தோல்.

"புள்ள, நீங்க கயித்துக்கு உள்ளுக்கா இருந்தீங்க?"

எழுதுகிறவர் கயிற்றுக்கு வெளியேதான் இருக்க வேண்டும், உள்ளே நின்றால் கன்றுகள் மிதிபடும். அன்று வெளியே நிழல் இல்லை. ஓம் என்றேன். அவர் புதுத் தாளில் அறுபத்தொரு மரத்துக்குக் கையொப்பம் வைத்துவிட்டு விறுவிறு என்று கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார். சப்பாத்துப் பாலத்தைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது.

எங்கள் இரண்டாவது தாளைத்தான் கொடுத்தேன். வரைபடம் வந்துவிட்டது, கடலோரத்தில் ஒரு சின்னக் கீற்று, அதற்குத் தனி நிறம், பற்றை என்ற சொல் அங்கே இல்லை. நான் செய்த வேலைகளிலே எனக்கு அதுதான் பெருமை. முதல் தாளைக் கிழிக்கக்கூடாது என்பது விதி, ரத்துச் செய்த காரணத்தை எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'மீண்டும் அளக்கப்பட்டது' என்று எழுதினேன், வேறு எதை எழுதுவது, நீங்களே சொல்லுங்கள்.

ஒருநாள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சும்மா என் கை அந்த உயரத்தைக் காட்டிப் பார்த்தது, முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. நிற்கிறவளுக்கு அது தொடை. தரையில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது கழுத்து.

எந்த எண்ணையும் இரண்டு தடவை பார்க்காமல் நான் விடுவதில்லை, அது என் குணம், சாருக்கும் தெரியும். வேலை நாடா என் அறையில்தான் தொங்குகிறது. கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்கார்ப்பைக் கழற்றிவிட்டு, நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு எத்தனையோ தடவை கண்ணாடிக்கு முன்னால் நின்றிருக்கிறேன். முப்பத்தி நாலா என்று ஒரு தடவையும் அளந்து பார்க்கவில்லை.