செண்பகத்தின் மகளைக் கூட்டிவரப் போனேன்

ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு நாகர்கோவிலில் திருவனந்தபுரம் பஸ் ஏறினேன். நாற்பத்திரண்டு மைல், டிக்கெட் ஒன்றே கால் ரூபாய். பையில் எனக்கு ஒரு மாற்றுச் சேலை, ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டு பாவாடை சட்டை, வழியில் கொறிக்க ஒரு பாட்டில் உப்பு நெல்லிக்காய். திரும்பும்போது ஒன்றரை டிக்கெட் வாங்குவது என்று தீர்மானம் பண்ணித்தான் புறப்பட்டேன்.

அந்தப் பிள்ளை, என் சிநேகிதி செண்பகத்தின் மகள் ராஜம். செண்பகமும் நானும் கோட்டாற்றில் ஒரே தெரு, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதுகிற ஒருவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன் விஷக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. ஆண்டு திரும்புவதற்குள் அவர் மறுகல்யாணம் செய்துகொண்டார். போன மாதம் அங்கே போய்வந்த உறவுக்காரி ஒருத்தி, "பிள்ளை ஈர்க்குச்சி மாதிரி நிக்கி, சோறு இறங்க மாட்டேங்கு" என்றாள். அவ்வளவுதான், எனக்குத் தூக்கம் போய்விட்டது. செண்பகத்தின் அண்ணனிடம் பேசினேன்; கூட்டிவந்தால் வளர்க்கத் தயார் என்றார். நான் பள்ளிக்கூட வாத்தியாரம்மா, சண்டைக்குப் பயந்தவள் அல்ல. போன இடத்தில் வாயை அடக்கு என்று என் வீட்டுக்காரர் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நாளையும் பார்த்துத்தான் வைத்தேன். எங்கள் பக்கத்தில் இரண்டாந்தாரமாக வருகிறவள், வருஷத்துக்கு ஒருமுறை செத்துப்போன மூத்தாளுக்குக் கோடிச் சேலை வைத்து, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கவேண்டும். பிறகு அந்தச் சேலையைத் தானே உடுத்திக்கொள்ளவேண்டும். இந்த வருஷம் அது அந்த வெள்ளிக்கிழமை. அன்றைக்கு நாலு உறவுக்காரர்கள் வருவார்கள், அவர்கள் முன்னால் வைத்தே கேட்டுவிடலாம் என்பது என் கணக்கு.

தக்கலையில் ஏறிய வியாபாரிகள் இருவர், நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேருமா சேராதா என்று குழித்துறை தாண்டும்வரை வாதாடினார்கள். என்னையும் அபிப்பிராயம் கேட்டார்கள். எனக்கு வேறு வழக்கு இருக்கிறது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நெய்யாற்றின்கரையில் பிடித்த மழை பாலராமபுரம் வரை விடவில்லை. பத்தே கால் மணிக்குக் கிழக்கேகோட்டையில் இறங்கினேன். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, வழக்கு ஜெயிக்கவேண்டும் என்று கும்பிட்டேன். தேங்காய் இரண்டணா. ஊரில் அதைவிடப் பெரிய காய் அதே விலைக்குக் கிடைக்கும்.

கோட்டைக்குப் பின்னால் சின்ன சந்தில் வீடு. உறவுக்காரர் ஒருவரும் வந்திருக்கவில்லை. சேலையெல்லாம் புகை வாசனையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு வயதிருக்கும். பெயர் பகவதி. பேரைச் சொன்னதும், "செண்பக அக்காளுக்க கூட்டுக்காரியா? வாங்க, வாங்க" என்று என் பையை வாங்கிக்கொண்டாள். சண்டைக்கு வந்தவளுக்கு இதெல்லாம் பெரிய இடைஞ்சல்.

அவள் முந்தானைக்குப் பின்னால் ராஜம் நின்றாள். ஈர்க்குச்சிதான். ஆனால் எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடை, வெட்டிய நகம், துவைத்த சட்டை. கிட்டே வா என்றால், "அம்மா, இது ஆரு?" என்று பகவதியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சட்டென்று எனக்கு ஞாபகம் வந்தது. ஏழு வயதில் செண்பகமும் இதே நீளம், இதே எலும்பு. காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்று தெருவே கேலி செய்யும். இதை எப்படி மறந்தேன்? அந்த உறவுக்காரியை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

அடுக்களையில் பால் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. பகவதி கிளறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினாள். பயத்தை அங்கே பேடி என்பார்கள்.

"எனக்குப் பேடியாக்கும் அக்கா. ரெண்டு வருஷமா அக்காளுக்குப் பிடிச்ச பாயசம் வச்சுப் படைக்கேன். பிள்ளை ஒரு வாய் தொடமாட்டேங்கு. அக்காளுக்கு எம்மேல கோவம், அதைப் பிள்ளை வழியாக் காட்டுதாளோன்னு ராத்திரி உறக்கமே வராது."

"செண்பகத்துக்குப் பாயசம் பிடிக்கும்னு யாரு சொன்னா?"

"இவுகதான்."

அவர் அப்போதுதான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அம்மை ஊத்தினதை எல்லாம் குடிச்சாளே" என்றார் பாவமாக.

நான் சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. கல்யாணப் பந்தியில் செண்பகம் என் பக்கத்தில்தான் உட்காருவாள். பாயசம் வந்ததும், பரிமாறுகிறவர் நகர்ந்துவிட்டாரா என்று பார்த்து, அத்தனையையும் என் இலைக்குத் தள்ளிவிடுவாள். இன்றைக்கு நான் இந்தக் கனம் கனக்க அவள்தான் காரணம். அப்பேர்ப்பட்டவள், மாமியார் ஊற்றினாள் என்பதற்காக நாலைந்து வருஷம் வாயைத் திறக்காமல் விழுங்கியிருக்கிறாள். சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் செத்த சேதி வந்த அன்றுகூட நான் இப்படி அழவில்லை.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, பையிலிருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அவளுக்குப் புளிப்பும் உப்பும் உறைப்பும் இருந்தால் போதும், பகவதி என்றேன்.

படைப்பு இலையில் நெல்லிக்காய் வைத்தோம். கொதித்த பாயசத்தைக் கொட்ட மனமில்லாமல் எங்களுக்குப் பரிமாறினாள் பகவதி. கோடிச் சேலை உடுத்தி நின்றாள். மாம்பழ நிறம், அவளுக்கு நன்றாகவே இருந்தது. ராஜம் என் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு நெல்லிக்காயோடு இரண்டுதரம் சோறு வாங்கிச் சாப்பிட்டது. பகவதி உள்ளே திரும்பிய நேரம் பார்த்து, இலையிலிருந்த பாயசத்தை மெதுவாக என் இலைக்குத் தள்ளியது.

வாசல்படியில் நின்று பகவதி அதைப் பார்த்துவிட்டாள். "அப்போ, அக்காளுக்கு எம்மேல கோவம் இல்லியா?" என்றாள்.

"இல்ல. பாயசத்து மேலதான்."

அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பாவம், இரண்டு வருஷத்து மூச்சை அப்போதுதான் விட்டாள் போலிருந்தது. நானும்தான்.

நான்கு மணி பஸ்ஸுக்கு மூன்று பேரும் வந்தார்கள். பாவாடை சட்டையை ராஜத்திடமே கொடுத்துவிட்டேன். "அடுத்த வருஷமும் வரணும் அக்கா. அவளைப் பத்திச் சொல்லித்தர இங்க ஆளில்ல" என்றாள் பகவதி.

கோட்டாற்றில் நான் வருத்தப்படுவேன் என்று செண்பகத்தின் பேரையே யாரும் எடுப்பதில்லை. மூன்று வருஷமாக அவளை நான் தனியாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சந்துக்குள் இருக்கிற அந்தச் சின்ன வீட்டில் நாள் முழுக்க அக்காள், அக்காள் என்றுதான் பேச்சு.

கரமனைப் பாலம் தாண்டியதும் கண்டக்டர் வந்து, எத்தனை டிக்கெட் என்று கேட்டார். ஒன்று போதும் என்றேன்.