ஷைனியின் கை உப்பு

போன வெள்ளிக்கிழமை ஒரு மீன் கறி சாப்பிட்டேன். இன்னும் அந்த மலைப்பிலிருந்து வெளியே வரவில்லை. ருசியினால் அல்ல...

தக்கலையில் பஸ் மாறிப் போனால் ஒரு கடற்கரை ஊர். அங்குள்ள பள்ளிக்கூடத்தில் என்னுடன் கல்லூரியில் படித்த வத்சலா டீச்சராக இருக்கிறாள். சாயங்காலம் மணி அடித்த பிறகு பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கிறாள். எண்ணெய் குறைவாக, கீரை கூடுதலாக, பாக்கெட் மசாலா இல்லாமல். வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் சமைத்ததைப் பெற்றோருக்குப் பரிமாறும் நாள். “நீயும் வந்து சாப்பிட்டுட்டு எழுது” என்றாள். பிழைத்து வந்தால் எழுதுகிறேன் என்றேன்.

போனதும் வாயை மூடிக்கொண்டேன். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாளை மீனைச் செதில் உரசி, குடலெடுத்து, கழுவி வைக்கிற வேகம்! நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அடுத்த மீனுக்குப் போய்விட்டாள். பெயர் ஷைனி.

அவள் அப்பாவுக்குக் கடல் தொழில். பிரஷர் உண்டு. ஒருநாள் வள்ளத்திலேயே தலைசுற்றி விழுந்திருக்கிறார். உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். மனுஷன் கேட்பாரா? கறியில் உப்பு மட்டாக இருந்தால் தட்டு முற்றத்துக்குப் பறக்கும். அம்மா பயந்து, பழையபடி அள்ளிப் போட்டுவிடுவார்.

எங்கள் பக்கத்து அடுக்களைகளில் உப்புக்கு ஸ்பூன் கிடையாது. கல்லுப்பு, கை – அவ்வளவுதான். ஒரேயடியாகக் குறைக்காமல் சிறுகச் சிறுகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும் என்று வத்சலா வகுப்பில் சொல்லியிருக்கிறாள். நாம் எத்தனை வகுப்பில் எவ்வளவு கேட்டிருப்போம்? ஷைனி வீட்டுக்குப் போய், இனிமேல் கறிக்கு உப்பு போடுவது என் வேலை என்று வாங்கிக்கொண்டாள்.

“அம்மைக்க கை பெரிசு சார். எனக்க கை சின்னது. அந்த வித்தியாசம் அப்பாக்குத் தெரியல்ல. பொறவு எனக்க கையிலயும் கொஞ்சம் கொஞ்சமா கொறச்சேன். கருவாட்ட ரெண்டு வெள்ளம் மாத்தி ஊறவச்சிட்டுத்தான் பொரிப்பேன்.”

“அப்பாகிட்ட சொன்னியா?”

“சொன்னா தட்டு பறக்கும்லா?”

ஆடியில் ஆரம்பித்தாளாம். நான் போனது கார்த்திகையில். பிரஷர் இறங்கியிருக்கிறது என்கிறார் டாக்டர். அப்பா அந்தப் பெருமையை மாத்திரைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

பரிமாறப் போகும் நேரத்தில் வந்தது வினை. உதவிக்கு வந்திருந்த வேறொரு பிள்ளையின் அம்மா, ஷைனி வைத்துக் கொதித்துக்கொண்டிருந்த கறியைக் கரண்டியால் தொட்டு நாக்கில் வைத்தார். “என்னம்மோ, சப்புன்னு இருக்கு” என்றபடி ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கிளறிவிட்டார். யாராலும் தடுக்க முடியவில்லை.

ஷைனி முகத்தில் ரத்தமே இல்லை. என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னாள். “போச்சு சார். இதத் தின்னா, எங்க வீட்டுக் கறி சப்புன்னு இருக்கது அப்பாக்கு இன்னைக்குத் தெரிஞ்சிரும்.”

அத்தனை மாத உழைப்பும் ஒரு கவளத்தில் போய்விடும்.

அப்பா வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். மரச்சீனிக் கிழங்கு மசியலும் மீன் கறியும் ஷைனியே பரிமாறினாள். ஒரு கவளம் வாயில் போட்டவர்... நிறுத்திவிட்டார். மகளை நிமிர்ந்து பார்த்தார்.

“மக்களே, இது நீ வச்சதில்லல்லா? ஒரே உப்பு. வீட்டுல நீ வச்சா எவ்வளவு பதமா இருக்கும்...”

தண்ணீர் கேட்டார்.

ஷைனி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. வத்சலா ஏதோ வேலை இருப்பது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊரையே அதட்டுகிற குரல் உள்ள ஒரு மனுஷனின் நாக்கை, அவருக்கே தெரியாமல் ஒரு சின்னப் பெண் மாற்றி வைத்திருக்கிறாள்! எழுந்து நின்று கும்பிடலாம் போலிருந்தது. பிள்ளை பயந்துவிடுமே என்று உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றை மட்டும் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கறியில் எனக்கு உப்பு சரியாகத்தான் இருந்தது.