செல்வனின் புருவத்தில் ஆறு தையல்

இலங்கையில் போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, எங்கள் ஊரான உடப்பின் கோயில் திருவிழாவுக்காக ஒரு ராஜா நாடகம் பழகினோம். நான் ராஜா, என்னோடு மோதும் தளபதி, மீன்பிடிக்கும் என் கூட்டாளி செல்வன். சனம் கைதட்டவேண்டும் என்ற ஆசையில், ஒத்திகையில் மரவாளை வெறியோடு வீசினேன். அது அவன் புருவத்தைக் கிழித்தது. ஆறு தையல்.

"பரவாயில்லடா" என்றான். நான் கூசிப்போய், இனி நடிப்பதில்லை என்று வீட்டில் இருந்துவிட்டேன்.

இரண்டு நாளில் செல்வனே ஒரு பெண்ணைக் கூட்டி வந்தான். சிலாபத்தில் அவன் மீன் கொடுக்கும் ஹோட்டலில் வேலை செய்யும் சிங்களப் பெண். பல்கலைக்கழகத்தில் வாள்வீச்சுப் போட்டிகளில் விளையாடியவராம்.

என்னை வீசச் சொல்லிப் பார்த்தார். "அண்ணா வாளைத்தான் பாக்குறது. ஆளைப் பாக்குறது இல்ல" என்றார்.

மூன்று மாலைகள், எங்கே கால் வைப்பது, எவ்வளவு தூரத்தில் நிற்பது, எதிரில் நிற்பவரின் தோளையும் கண்ணையும் எப்படிக் கவனிப்பது என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார்.

திருவிழா அன்று என் வாள்நுனி செல்வனின் நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. "மன்னா, உன்னை நம்பி வந்தவனையா வெட்டப் போகிறாய்?" என்றான். ஒத்திகைகளில் அவன் அந்த வசனத்தைச் சொல்லும்போதெல்லாம் என் முறை எப்போது வரும் என்றுதான் காத்திருந்திருக்கிறேன். அன்றுதான் அதைக் காதுகொடுத்துக் கேட்டேன். அழுதுவிட்டேன். சனம் அதை நடிப்பு என்று நினைத்தது.

என்னால் காயப்பட்டவனே எனக்காக ஒருவரைத் தேடிப் போயிருக்கிறான். இருவருக்கும் நான் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை.