சாணார்பட்டி மண்டபத்தில் மாடி ஸ்பீக்கர் அழுத மதியம்

சென்ற ஆவணியில், ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள், சாணார்பட்டிப் பக்கம் ஒரு மண்டபத்துக்குப் போனேன். ஆடியோவுக்குத் தனி வி-லேன் பிரிக்கும் வேலை. ஒரே நெட்வொர்க் சுவிட்ச்சில் ஓடும் ஸ்பீக்கர், மைக், கேமரா எல்லாவற்றையும் கலக்காமல் தனித்தனிப் பாதையில் விடுவது. இதே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை 9.10 பஸ், திண்டுக்கல்லில் 10.50. அங்கிருந்து நத்தம் ரோட்டில் டவுன் பஸ், பதினைந்து ரூபாய், அரை மணி நேரம். இறங்கி ஆட்டோ, அறுபது ரூபாய். மண்டபத்தின் பெயரைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"அங்கயாண்ணே? காலையிலருந்து மாடியில பொம்பள அழுகுதாம்ல. சமையக்காரங்க ஏற மாட்டேங்குறாங்க."

சிரித்தேன். மண்டபத்து மேனேஜரோ சாவியைக் கொடுத்துவிட்டுப் படிக்கட்டிலேயே நின்றுகொண்டார். மாடியில் சாப்பாட்டு ஹாலில் ஈ காக்கை இல்லை. கூரை ஸ்பீக்கரில் முதலில் மூச்சு கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், மிக மெதுவாக: "எனக்கு வேணாம்மா. நான் போகல." பேய் பிசாசை நம்பாத நானே மேனேஜர் இன்னும் நிற்கிறாரா என்று படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

விஷயம் பிடிபட அரை மணி நேரம் ஆயிற்று. "பொண்ணக் கூட்டிட்டு வாங்க" என்று மேடையில் சொன்னதும் பதில் கொடுக்க, மணமகள் அறையில் ஒரு மைக் வைத்திருக்கிறார்கள். யாராவது பேசினால் தானே விழித்துக்கொள்ளும் ரகம். காலையில் பெண் வீட்டார் வந்து இறங்கியதிலிருந்து அதை யாரும் அணைக்கவில்லை. எல்லாம் ஒரே நெட்வொர்க் என்பதால் அந்தக் குரல் மாடிக்கு வந்திருக்கிறது.

பெண்ணின் அப்பாவை மேலே அழைத்தேன். "செத்த நேரம் நில்லுங்கய்யா" என்றேன்.

"நான் சொல்றது யாருக்குமே கேக்கலையா?" என்றது கூரை.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகளின் குரல் அவருக்குத் தெரியாதா?

"பேய்தான் தம்பி" என்றார். "அடைச்சு விட்ருங்க."

அடைத்தேன். மணமகள் அறைக்கு ஒரு வி-லேன், மாடிக்கு வேறு. 2.40க்கு ஹால் அமைதியானது. சமையல்காரர்கள் இலைக்கட்டோடு ஏறி வந்தார்கள். மேனேஜர் டீ வாங்கித் தந்தார். கீழே அந்த அறைக் கதவு மூடியிருந்தது. நான் தட்டவில்லை. இன்றுவரை வெட்கமாக இருக்கிறது.

போகிறவர்கள் லேப்டாப்பைச் சுவிட்ச்சோடு இணைக்கும் கன்சோல் கேபிளை மறக்காதீர்கள், பழைய அமைப்பைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் அமைதியானால் வேலை முடிந்தது என்று நினைக்காமல் சுவிட்ச்சையும் பாருங்கள். அந்த மைக்கின் கேபிள் செருகிய போர்ட்டில் பேச்சு வரும்போதுதான் விளக்கு வேகமாக மினுங்கும். நான் பையை மூடிக் கிளம்பும்வரை அது நிற்கவில்லை.