சித்திராபௌர்ணமியில் போட்ட கொங்கிறீற்

என் வாய்க்குப் பயந்துதான் என்னிடம் வேலைக்கு வருகிறவர்கள் தண்ணீர் குடிப்பார்கள். நான் மேசன். முப்பது வருடமாக வீடு கட்டுகிறேன். சித்திரை, வைகாசி வெயிலில் ஆட்கள் சுருண்டு விழுவதைக் கண்டபிறகு எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை ஒருவரும் வெயிலில் நிற்கக் கூடாது; அரை மணிக்கொருதரம் தண்ணீர் குடிக்க வேண்டும். குடிக்காதவனைப் பிடித்து ஏசுவேன். "உனக்கென்ன, கலியாணத்துக்குச் சொல்லுற மாதிரி வெத்திலை வைச்சுச் சொல்ல வேணுமோ?" என்பேன். சிரித்துக்கொண்டே குடிப்பார்கள். எனக்கு அதில் பெருமை வேறு. தூ!

சண்டிலிப்பாயில் ஒரு வீட்டுக்கு மேல்தட்டுக் கொங்கிறீற் போட வேண்டியிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர் நாளும் நேரமும் பார்த்து அனுப்பினார். சித்திராபௌர்ணமி, காலை பத்து இருபதுக்குத் தொடக்கம். விடிய ஆறு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறமுன் முடித்துவிடலாம் என்று போனில் மன்றாடினேன். "நேரம் பிழைச்சால் நீங்களோ அண்ணை பொறுப்பு?" என்றார். கொங்கிறீற் தொடங்கினால் இடையில் நிறுத்த முடியாது. பாதியில் இறுகினால் பிறகு போடுவது அதோடு ஒட்டாது, மாரி மழைக்கு ஒழுகும். அன்றைக்கு என் சட்டம் செல்லாது என்று தெரிந்தே ஒத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்குத் தண்ணீர்க் குடத்தோடு மேலே ஏறினேன். என்னோடு பத்து வருடம் வேலை செய்த மேசன் ஒருவன் மட்டும் வாங்கவில்லை. போன மார்கழியில்தான் அவனுடைய தாய் செத்திருந்தாள்.

"இண்டைக்கு அம்மாவின்ரை விரதம் அண்ணை. வீட்டை போய்ப் படைச்சு, காகத்துக்கு வைச்சிட்டுத்தான் தண்ணி வாயிலை வைப்பன்."

"எடேய், உனக்கென்ன விசரோ? வேலை முடிய மூண்டு மணியாகும்."

"முதல் வருச விரதம். விடுங்கோ அண்ணை."

வேறு சாட்டுச் சொல்லியிருந்தால் கிழித்திருப்பேன். செத்த தாய்க்காகச் சித்திராபௌர்ணமியில் பிள்ளை பிடிக்கிற விரதத்துக்கு என்ன சொல்வது? நானும் தாய் இல்லாதவன்தான். ஆனால் அன்று விடியவே தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தேன். அவனுக்கு முன்னால் எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஒன்றரை மணிபோல், கலவையை மட்டம் தட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். இரண்டு பேர் தூக்கிக் கீழே கொண்டுபோய், சீமெந்து வைக்கிற தகரக் கொட்டிலில் கிடத்தினார்கள். "விரத மயக்கம்" என்றார் ஒருவர். "ஓம், வெறுவயிறு" என்றேன் நான். நெற்றியைத் தொட்டேன், சுட்டது. ஒரு துளி வியர்வை இல்லை. வேறு யாராவது அப்படி விழுந்திருந்தால் வெயில் அடித்துவிட்டது என்று எனக்கு உடனே தெரிந்திருக்கும். கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வாளி வாளியாக ஊற்றியிருப்பேன். பாழாய்ப்போன எனக்கு அன்றைக்கு விரதத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தான். என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தான். "அம்மா, தண்ணி" என்றான்.

குடம் என் கையில் இருந்தது. இதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் எழுதி என்ன பிரயோசனம்? கொடுத்தால், அறிவு தெளிந்ததும் விரதத்தை முறித்துப்போட்டீர்களே அண்ணை என்று அழுவான் என நினைத்தேன். "கொஞ்சம் பொறு தம்பி, வீட்டை போய்ப் படைச்சிட்டுக் குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன். அங்கே கலவை இறுகிக்கொண்டிருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து இறங்கினால் அவனுக்குக் கை கால் இழுத்துக்கொண்டிருந்தது. பிறகுதான் ஓட்டோ, பிறகுதான் ஆசுபத்திரி. "விழுந்த உடனை தண்ணி ஊத்திக் குளிர வைச்சிருந்தால்..." என்று தொடங்கிய டொக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் செத்துப்போனான்.

செத்தவீட்டில் அவன் மனைவி என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணை, அவர் கடைசியா ஏதும் கேட்டவரோ?"

"இல்லைப் பிள்ளை. ஒண்டும் கேக்கேல்லை."

"அப்ப விரதம் முறியேல்லை" என்றாள். என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.